இறுக்கிக் கட்டிய வார்

"இன்னும் எத்தனை நாளைக்கு நான் செருப்பு தைக்கணும்?" என்று கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன்.

சுகிர்தம் தலையை நிமிர்த்தவில்லை. ரப்பர் அட்டையில் கத்தியை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு நாலு ஜோடி இருக்கு, அண்ணாச்சி."

இதுதான் அவள் பதில் சொல்லும் லட்சணம். எனக்கு வயது நாற்பத்தெட்டு, அவளுக்கு முப்பத்து மூன்று. நற்செய்திக் கன்வென்ஷன் பந்தலில் பிரசங்கம் பண்ணி மூவாயிரம் பேரை ஒரே நேரத்தில் அழவைத்தவன் நான். அத்தனையையும் விட்டுவிட்டு, ஊழியத்துக்கென்று திருநெல்வேலியிலிருந்து மூன்று ரயில் மாறிச் சத்தீஸ்கருக்கு வந்தேன். மிஷன்காரர்கள் என்னைத் தொழுநோய் ஆஸ்பத்திரியின் செருப்பு அறையில் இவளிடம் வேலை பழக விட்டார்கள். கைத்தொழில் தெரியாதவன் இந்த ஊரில் நிலைக்க மாட்டானாம். அவள் பதினோரு வருஷமாக அங்கே செருப்பு வெட்டுகிறாள். ஒரு நாளாவது பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்லை.

"ஆண்டவர் என்னை வசனம் சொல்லத்தான் அழைச்சார். ரப்பர் வெட்ட இல்ல."

"சொல்லுங்க. யாரு வாயைப் பொத்துனா? அந்த ஓரத்தை வழிச்சிட்டுச் சொல்லுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு மாதம் இப்படியே போயிற்று.

பிறகு அவள் வெளியூர்க் கிளினிக்குகளுக்குப் பத்து நாள் போனாள். அறை என் பொறுப்பில் வந்தது. முதல் நாளே புத்ராம் வந்தார். காட்டோரத்து ஊர்க்காரர், பீடி இலை பறிப்பவர். நடந்தால்தான் அவருக்குச் சோறு. சுகிர்தம் தைத்து வைத்திருந்த புதுச் செருப்பை மாட்டிவிட்டுக்கொண்டே, இயேசு சொன்ன காணாமற்போன ஆட்டின் கதையைச் சொன்னேன். என் இந்தி அரைகுறை இந்தி. அப்படியும் அவர் கண் கலங்கியது. இந்த ஊரில் என் பேச்சுக்குக் கலங்கிய முதல் கண் அதுதான்.

செருப்பு தொளதொளவென்று இருக்கிறது, இறுக்கிக் கட்டுங்கள் என்றார். சுகிர்தம் குறித்து வைத்திருந்தது வாரின் இரண்டாவது ஓட்டை. நான் இழுத்து நாலாவதில் மாட்டினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் ஊரிலும் போய் இந்தக் கதையைச் சொல்வேன் என்று என்னைக் கும்பிட்டார்.

அன்றைக்கே திருநெல்வேலிச் சபைக்கு ஜெபக் கடிதம் எழுதினேன். என் ஊழியத்தில் கிடைத்த முதல் ஆத்துமா, 'முதற்கனி' என்று கொட்டை எழுத்தில் எழுதித் தபாலில் சேர்த்தேன்.

சுகிர்தம் திரும்பி வந்தபோது, அவள் பையைக் கீழே வைப்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"செருப்பு லூசா இருக்குன்னார். இறுக்கிக் கொடுத்தேன். மனுஷன் குளிர்ந்து போயிட்டார்மா!"

"எத்தனாவது ஓட்டை?"

"நாலு."

இறக்கிய பையை மறுபடி தோளில் போட்டாள். "பைக்கை எடுங்க."

"ஒரு ஆத்துமா கிடைச்சிருக்குங்கேன். உனக்குச் செருப்புதான் பெரிசா?"

"பைக்கை எடுங்கன்னேன்!"

அவள் சத்தம் போட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இருபத்திரண்டு கிலோமீட்டர். வழி நெடுக நான்தான் சண்டை போட்டுக்கொண்டு போனேன். பொறாமை என்றேன். ஊழியத்தின் அருமை தெரியாதவள் என்றேன்.

ஊர் நடுவில் ஒரு மரத்தடியில் புத்ராம் நின்றுகொண்டிருந்தார். முன்னால் எட்டுப் பத்துப் பேர். ஆட்டைத் தோளில் தூக்கிப் போடுவதுபோல் கையைத் தூக்கிக் காட்டினார். என் கதை! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

சுகிர்தம் நேரே கூட்டத்துக்குள் புகுந்தாள். அவரை ஒரு கல்லில் உட்காரவைத்து, பையிலிருந்த கத்தியை எடுத்து வாரை அறுத்தாள். கதை பாதியில் நின்றது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

"அறிவிருக்கா உனக்கு?" என்று நான் கத்தினேன். "அந்த மனுஷன் வசனம் சொல்லுதார்! முடிக்கிற வரைக்கும் பொறுக்க மாட்டியா?"

அவள் செருப்பைக் கழற்றி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். உள்ளே ஈரமாக இருந்தது. நாற்றம் அடித்தது. காலைப் பார்த்தேன். சுண்டுவிரல் பக்கம், வார் அழுத்திய இடத்தில், விரல் நுனி போகிற அளவுக்குக் குழி. சீழ் வழிந்தது.

புத்ராம் அதை வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தார். நல்ல செருப்பை ஏன் அறுத்தாய் என்று அவளிடம்தான் கோபப்பட்டார்.

"அவரேதாம்மா இறுக்கச் சொன்னார்," என்றேன்.

"மரத்த காலு இறுக்கத்தான் சொல்லும். இறுக்கினாத்தான் செருப்பு கிடக்கதே அதுக்குத் தெரியும். நீங்க வேலைக்கு வந்த முதல் நாளே தலைபாடா அடிச்சிக்கிட்டேன். அப்ப எங்க இருந்திய?"

எங்கே இருந்தேன்! ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை மனசுக்குள் ஓட்டிக்கொண்டு இருந்தேன்.

அவரைப் பைக்கில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்காரவைத்து, கால் தரையில் படாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். எலும்பு வரைக்கும் போய்விட்டது என்றார் டாக்டர். காலையாவது காப்பாற்ற வேண்டுமென்று வியாழக்கிழமை இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

யார் வாரை இறுக்கிக் கட்டியதால் விரல் போனது என்று புத்ராமுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகு நான் வார்டுக்குள் நுழைந்தாலே அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். திருநெல்வேலியிலிருந்து வாழ்த்துக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. முதற்கனிக்காகச் சபையில் ஸ்தோத்திர ஜெபம் வைத்தார்களாம். அவற்றைக் கிழித்துப் போட்டேன். என்னையும் கிழித்துப் போடலாம்போல் இருந்தது.

ஏழு வாரம் கழித்துப் புண் ஆறியது. கட்டைக் கடைசியாகப் பிரித்த அன்று, வார்டு வாசலில் சுகிர்தத்தின் முன்னால் போய் நின்றேன்.

"நாளைக்கு ஊருக்குப் போறேன். டிக்கெட் போட்டாச்சு. இந்தக் கை இனி எவன் காலையும் தொட வேண்டாம்."

அவள் பிரித்த கட்டுத்துணியைச் சுருட்டி வாளியில் போட்டாள்.

"திட்டவாவது செய்யேன்! இல்ல, மன்னிச்சேன்னாவது சொல்லேன்!"

உள்ளே கட்டிலில் புத்ராம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சுகிர்தம் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபம் இன்னும் அவள் முகத்தில் அப்படியே இருந்தது.

"ரெண்டு விரல் போன காலுக்குப் பழைய அளவு சேராது. காலை வச்சு வரையக் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கிட்டு உள்ள வாங்க, அண்ணாச்சி."