மீசைக்கு வைத்த லென்ஸ்

“கண்ணு இருக்கே, அது நமக்கு முன்னாடியே...” என்று தொடங்கி என்னவோ சொன்னார் பூரணவல்லி, தன் பணி ஓய்வு விழாவில். மீதி அருள்தாஸுக்கு நினைவில்லை. அந்த நேரம் பார்த்துக் கேசரி வந்துவிட்டது.

கையெழுத்து நிபுணரான அருள்தாஸுக்குப் பூரணவல்லிதான் குரு. ஆனால் வயதில் இரண்டு வருடம் இளையவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அருள்தாஸ் அவர் வீட்டுக்கு வந்தார். கையில், தட்டச்சு செய்து முடித்த அறிக்கை. கையொப்பம்தான் பாக்கி.

“ராயப்பன்னு ஒரு லாரி டிரைவர், மேடம். பெரியப்பா வீட்டை எழுதிக் குடுத்ததா ஒரு பத்திரம் காட்டுறான். பெரியப்பா உயிரோட இல்லை. கையெழுத்து போலி. நாளைக்கு இதைக் கோர்ட்டிலே குடுத்தா ஆள் உள்ளே போயிடுவான்.”

“பிறகென்ன, குடுக்க வேண்டியதுதானே?”

“நீங்க ஒரு தடவை பார்த்துட்டா மனசுக்கு நிம்மதி.”

“போலின்னு எப்போ தோணிச்சு?”

“கோர்ட் வராந்தாவிலே ஆளைப் பார்த்தப்பவே. என்னா மீசைங்கிறீங்க! கண்ணு ரெண்டும் மிளகாய்ப்பழம். சிரிச்சா தங்கப்பல்லு.”

“மீசைக்கு லென்ஸ் வெச்சுப் பார்த்தீங்களாக்கும்.”

அருள்தாஸ் சிரித்தார். பூரணவல்லி சிரிக்கவில்லை. உள்ளே போய், காபியோடு இரண்டு துண்டுச் சீட்டுகளையும் கொண்டுவந்தார். இரண்டிலும் ‘சண்முகவடிவு’ என்று கையெழுத்து.

“இது ஒரு டீச்சரம்மா குடுத்தது. சாந்தமான முகம். இது, கன்னத்திலே வெட்டுத் தழும்போட ஒருத்தன் குடுத்தது. எது போலி?”

அருள்தாஸ் லென்ஸை எடுத்தார். காபியில் ஆடை படிந்தது.

“தழும்புக்காரன் குடுத்ததுதான். ‘ண்’ணைப் பாருங்க, நடுக்கம். திருட்டுக் கை.”

“டீச்சரம்மா சீட்டிலேயும் ‘ண்’ நடுங்குதே?”

“அது... வயசான கை, மேடம்.”

“டீச்சரும் இல்லை, தழும்பும் இல்லை. ரெண்டையும் இப்போ அடுப்படியிலே நான்தான் போட்டேன்.”

“அப்போ சண்முகவடிவு யாரு?”

“என் மாமியார்.”

அருள்தாஸ் முகம் மலர்ந்தது. “அப்படின்னா ரெண்டுமே போலி!”

“ஆமா. போலி போட்டவ எதிரே உட்கார்ந்திருக்கா, அவ குடுத்த காபி உங்க பக்கத்திலே இருக்கு. ஏன், என் முகத்திலே தெரியலையா?”

அருள்தாஸ் பார்த்தார். கோயிலுக்குள் போகிறவர்கள் கேட்காமலே நம்பிச் செருப்பை விட்டுப்போகும் முகம்.

வெகுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார். “அவனை மீசையை எடுத்துட்டு வரச் சொல்லட்டுமா?”

“எடுத்தா, எதையோ மறைக்கிறான்னு எழுதுவீங்க.”

“அப்போ நீங்களே பத்திரத்தைப் பார்த்துச் சொல்லிடுங்க, மேடம்.”

“நான் எப்படிப் பார்க்கிறது? மீசையைத்தான் எனக்கும் காட்டிட்டீங்களே.”

மறுநாள் அருள்தாஸ் கோர்ட்டில் அறிக்கையைக் கொடுக்கவில்லை. ஒரு கடிதம் கொடுத்தார்: ‘குற்றம் சாட்டப்பட்டவரை நான் நேரில் பார்த்துவிட்டேன். அவரைப் பார்க்காத வேறொரு நிபுணருக்கு இந்தக் கையெழுத்தை அனுப்புமாறு வேண்டுகிறேன்.’