ஆவாரஞ்செடிக்கு அஜீரணம்

முன்னொரு காலத்தில், பேர் மறந்துபோன ஒரு நாட்டில் ஒரு ராஜா இருந்தார். வேட்டைக்குப் போன இடத்தில், கட்டாந்தரையில் மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்து நின்ற ஆவாரையைப் பார்த்துவிட்டார். அது அரண்மனையிலும் பூக்க வேண்டும் என்றார்.

அரண்மனை விகடகவி சீராளன், வெயில் நன்றாய் விழும் முற்றத்து மூலையில் ஓர் இளஞ்செடியை நட்டான். "வேர் பிடிக்கும்வரை கொஞ்சம் தண்ணீர், அப்புறம் வெயிலே போதும் மகாராஜா. அதன்பாட்டுக்கு விட்டுவிட்டால் வருஷா வருஷம் பூக்கும்" என்றான்.

அவன்மேல் வெகுநாளாய்ப் புழுங்கிக்கொண்டிருந்த மந்திரி தாண்டவராயர், "ராஜா ஆசைப்பட்ட செடிக்கு அநாதைப் பிழைப்பா?" என்றார்.

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "இன்றுமுதல் இந்தச் செடியும் நாமும் ஒன்று! நமக்கு நடப்பதெல்லாம் இதற்கும் நடக்கட்டும். மந்திரியாரே, உபசாரம் உம் பொறுப்பு. செடி பட்டுப்போனால் நட்டவன் தலை போகும்!"

மந்திரி செடிக்கு வெண்கொற்றக்குடை பிடிக்க வைத்தார். மூன்று வேளையும் பன்னீர், இளநீர், குடம் குடமாய்ப் பால். பத்தே நாளில் இலை பழுத்தது. சீராளன் விடிந்ததும் ஓடிவந்து, உதிர்ந்து கிடக்கும் இலைகளை எண்ணினான். குடத்தைத் தடுத்தால் ராஜதுரோகம். தடுக்காவிட்டால் செடி சாகும்.

"என்ன சீராளா, அடிக்கடி கழுத்தைத் தடவுகிறாய்? சுளுக்கா?" என்றார் மந்திரி. "பொறு, எடுத்துவிட ஆள் வருவான்."

சீராளன் மண்ணில் விரலை விட்டான். சேறு. முகர்ந்தான். புளித்த நாற்றம். அந்த நாற்றத்தில் அவனுக்குப் போன மாதம் நினைவு வந்தது. சேற்றுக் கையோடு சபைக்கு ஓடினான்.

"மகாராஜா! தங்களுக்கு அஜீரணம்!"

"நமக்கா? காலையில் எட்டு இட்லி உள்ளே போயிருக்கிறதே!"

"முற்றத்தில் நிற்கும் தங்களுக்கு! போன மாதம் அதிரசம் தின்று வயிறு ஊதியபோது வைத்தியர் என்ன செய்தார்?"

வைத்தியர் எழுந்தார். "லங்கணம் போட்டேன். பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் பட்டினி. இளவெயிலில் உட்கார வைத்தேன்."

"திருட்டுத்தனமாய்ச் சீடை கொண்டுவந்த சமையற்காரனுக்கு?"

"பத்துச் சவுக்கடி" என்றார் ராஜா.

"தங்களுக்கு நடப்பதெல்லாம் அதற்கும் நடக்க வேண்டும் என்பது தங்கள் ஆணை" என்றான் சீராளன்.

"செடிக்கு ஏது வயிறு?" என்று மந்திரி சீறினார்.

"வயிறில்லாமலா இத்தனை குடம் பால் ஊற்றினீர்கள், ஐயா?"

குடை மடங்கியது. குடங்கள் நின்றன. ஆனாலும் சீராளனுக்குச் சோறு இறங்கவில்லை. செடி மொட்டைக் குச்சியாய் நின்றது. மந்திரி மேலாடைக்குள் பால்செம்பை மறைத்து வந்தார். காவலர் பிடித்தார்கள், பத்துச் சவுக்கடி அவர் முதுகில் விழுந்தது. குச்சி அப்போதும் குச்சிதான். மாதம் ஒன்றானது. தலை வெட்டும் ஆள் வந்து சீராளன் கழுத்தைக் கண்ணால் அளந்துவிட்டுப் போனான்.

மறுநாள் கணுவில் கடுகளவு பச்சை தெரிந்தது. சீராளன் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டான்.

அடுத்த கோடையில் மூலை முழுவதும் மஞ்சள். ராஜா பூவைப் பார்த்தார், மந்திரி முதுகைத் தடவுவதைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். பொன்முடிப்பைச் சீராளன் கையில் வைத்து, "இனி உனக்கும் நமக்கு நடக்கும் உபசாரமெல்லாம் நடக்கட்டுமா?" என்றார்.

சீராளன் பொன்முடிப்போடு காலில் விழுந்தான். "வேண்டாம் மகாராஜா! என்னை வெயிலிலேயே விட்டுவிடுங்கள்!"