வால்பேர் கேட்ட துரை

தெற்கே கொன்றைக்குளம் என்று ஒரு சமஸ்தானம் இருந்தது. பெரிசெல்லாம் இல்லை. காலையில் குதிரை ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒரு சுற்று வந்துவிடலாம். ஆனாலும் ராஜா ராஜாதானே! சிவனணைஞ்ச மகாராஜா என்று பேர். எழுபது வயசு, முழங்கால் வலி வேறு. மகன் குற்றாலலிங்கத்துக்குப் பட்டம் கட்டிவிட்டு அக்கடா என்று உட்கார வேண்டும், அதுதான் அவருக்கு ஆசை.

அதற்கு வெள்ளைக்கார சர்க்காரின் முத்திரை வேண்டும். முத்திரையும் கையுமாக வந்து இறங்கினார் தாம்சன் துரை. முன்ஷி வாத்தியார் வைத்துத் தமிழ் படித்தவர். வாயைத் திறந்தால் ஏட்டுத் தமிழ்தான்.

"தங்கள் நாமம் சிவனணைஞ்சான். இவன் நாமம் குற்றாலலிங்கம். தகப்பன் பேரில் ஓர் எழுத்துகூட மகன் பேரில் இல்லையே! இவன் தங்கள் குமாரன் என்று எவ்வாறு நம்புவது?"

"அவன் மூக்கைப் பாருமய்யா!" என்றார் ராஜா. அப்பனுக்கும் மகனுக்கும் அப்படியே ஒரே மூக்கு.

"மூக்கு தஸ்தாவேஜு ஆகாது. எங்கள் சீமையில் தகப்பன் பேர் மகன் பேரின் கடைசியில் ஒட்டியிருக்கும். அதுவே வாரிசுக்கு அடையாளம். நாளைக் காலை சபையில் அதைக் காட்டுங்கள். இல்லையேல் சமஸ்தானம் சர்க்காருக்கு."

 ராஜா உடனே ஆவுடையப்பப் புலவரைக் கூப்பிட்டார். சபையில் பாட்டுக்கும் அவர்தான், வம்புக்கும் அவர்தான்.

"புலவரே, துரை வால் கேட்கிறான்!"

"வாலா? யாருக்கு மகாராஜா?"

"பேருக்கய்யா! எதையாவது இப்பவே ஒட்டிடலாமா?"

"இன்னிக்கு ஒட்டினா, நேத்து ஏன் இல்லைம்பார். பொறுங்க, நான் பார்த்துக்கறேன்."

புலவர் நேரே போனது துரையோடு வந்த டாக்டர் பிரைஸிடம். அவரும் வெள்ளைக்காரர்தான். ஆனால் இங்கிலீஷ்காரர் என்று சொன்னால் சண்டைக்கு வருவார். இங்கிலாந்துக்குப் பக்கத்திலேயே தனி பாஷை பேசும் வேல்ஸ்காரர்! ராஜா முழங்காலுக்குத் தைலம் கொடுத்த வகையில் வந்த நாள் முதல் அரண்மனைப் பந்தியில் அவருக்கு ஓர் இலை உண்டு. நல்ல தமிழும் பேசுவார்.

"எங்க ஊர்லயும் முன்னே வால்பேர் கிடையாது புலவரே," என்றார் டாக்டர், சாம்பாரைப் பிசைந்துகொண்டே. "இன்னார் மகன் இன்னார், அவ்வளவுதான். மகனுக்கு எங்க பாஷையில ‘அப்’."

"ஐயையோ! எங்க ஊர்ல ‘அப்’னு ஆரம்பிச்சா அப்பன்! தலைகீழா இருக்கே!"

"‘அப் ரைஸ்’னா ரைஸ்ங்கறவரோட மகன். அதுதான் தேய்ஞ்சு பிரைஸ் ஆச்சு. ‘அப் ஹவல்’ பவல் ஆச்சு."

"அடி சக்கை! முதல் எழுத்து கெட்டுப்போய், ஒற்று மட்டும் அடுத்த சொல்லோட புணர்ந்துட்டுது. எங்க இலக்கணம் எப்போய்யா கப்பல் ஏறிச்சு?"

டாக்டர் சிரித்தார். "அப்புறம் இங்கிலீஷ்காரக் குமாஸ்தா வந்தான். வால்பேர் என்னன்னு கேட்டான், எழுதிட்டான். அன்னிக்கு எவர் அப்பாவோ அவர் பேரே பேரன், கொள்ளுப்பேரன் எல்லாருக்கும் ஒட்டிக்கிச்சு. என் அப்பா பேர் மோர்கன். நான் இன்னும் ரைஸ் மகன்!"

"தாம்சன் துரை பேரும் இந்தக் கதைதானா?"

டாக்டர் அதையும் விளக்கினார். புலவர் கையிலிருந்த அப்பளம் நழுவி இலையில் விழுந்தது.

மறுநாள் சபை கூடியது. ராஜா மகனுடைய கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பாவம், விடிய விடியத் தூங்கவில்லை. புலவர் எழுந்து ஒரு கும்பிடு போட்டார்.

"துரையவர்களே, ஒருத்தன் பேரோட கடைசியில யார் பேர் இருக்கோ அவர்தான் அவனுக்குத் தகப்பன். சரிதானே?"

"அதுவே விதி."

"துரையோட முழுப்பேர்?"

"எட்வர்ட் தாம்சன்."

"‘சன்’னா?"

"குமாரன். தாமஸின் குமாரன்."

"ஆகா! அப்போ தகப்பனார் திருநாமம் தாமஸ்!"

"இல்லை. ஜார்ஜ் தாம்சன்."

"அவரும் தாமஸ் மகனா? சரி, தாத்தா?"

"ஹென்றி... தாம்சன்." துரையின் குரல் கொஞ்சம் இறங்கியது.

புலவர் விரல் மடக்கி எண்ணினார். "தாத்தா தாமஸ் மகன். அப்பா தாமஸ் மகன். நீங்களும் தாமஸ் மகன். துரையவர்களே, தப்பா நினைக்கப்படாது... நீங்களும் உங்க அப்பாவும் அண்ணன் தம்பியா?"

டாக்டர் பிரைஸ் சிரிப்பை அடக்கப் பார்த்துப் புரையேறி இருமினார். துரையின் முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்தது.

"மூடத்தனம்! அந்தத் தாமஸ் நானூறு வருஷத்துக்கு முன்னே மாண்டவர்!"

"அதைத்தான் நானும் சொல்றேன் துரை. பேரைப் பார்த்து அப்பாவைத் தேடினா நானூறு வருஷம் பின்னால போகணும். எங்க இளவரசருக்கு அந்தச் சிரமமே இல்லை. அரைச்சாண் திரும்பினாப் போதும், அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார்."

துரை பார்த்தார். கிழ ராஜாவின் கண் கலங்கியிருந்தது. மகனுடைய கையை அவர் இன்னும் விடவில்லை. துரை கொஞ்ச நேரம் மீசையைக் கடித்தார். பிறகு அடக்க மாட்டாமல் இடிஇடியென்று சிரித்தார். அரக்கை உருக்கச் சொல்லி, பட்டயத்தில் முத்திரையை ஓங்கி அழுத்தினார். ராஜா அப்படியே எழுந்து, முழங்கால் வலியெல்லாம் மறந்து, கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் புலவருக்குப் போட்டார்.

"பலே புலவரே!" என்றார் துரை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இதை இன்றைக்கே சீமைக்கு, என் தகப்பனாருக்குக் கடிதமாக எழுதப்போகிறேன்."

"பேஷா எழுதுங்க துரை," என்றார் புலவர். "ஆனா ஆரம்பிக்கும்போது மட்டும் சட்டப்படி, ‘அன்புள்ள அண்ணனுக்கு’ன்னு போட்டுடுங்க!"