தன் ஓலையைத் தானே படித்த போன்

திண்டுக்கல்லில் ஒரு வீட்டில் ஒரு போன் இருந்தது. வயது ஆறு. நமக்கு ஆறு வயதென்றால் ஒன்றாம் வகுப்பு. போனுக்கு ஆறு வயதென்றால் ஊரே கிழடு என்கிறது. என்ன நியாயமோ!

அந்த வீட்டில் தவமணிக்கும் அவள் கணவர் அருளப்பனுக்கும் கண் தெரியாது. போன்தான் அவர்களுக்குப் படித்துச் சொல்லும். கரண்ட் பில், பால் கவரில் தேதி, மாத்திரை அட்டை, எதை நீட்டினாலும் கேமரா பார்க்கும். உள்ளே குடியிருந்த வாசிப்பு ஆப் எழுத்துக் கூட்டும். போன் வாய்விட்டுச் சொல்லும். ஒரு நாளும் பிசகியதில்லை. அந்தப் பெருமை போனுக்குக் கொஞ்சம் உண்டு.

ஒரு நாள் காலையில் வாசிப்பு ஆப் மூட்டை கட்டிக்கொண்டு நின்றது.

"நான் கிளம்புறேன்."

"என்ன, விளையாடுறியா? அவர் மாத்திரை போடுற நேரம்," என்றது போன்.

"உன்னைச் செஞ்சவங்க உனக்கு அப்டேட் அனுப்பி மூணு வருஷம் ஆச்சு. அது தடுப்பூசி மாதிரி. ஊசி போடாத உடம்புல நான் தங்கக் கூடாதாம். மேலிடத்து உத்தரவு. எனக்கு மட்டும் ஆசையா?"

உள்ளே இருந்தவர்கள் எல்லாம் கூச்சல் போட்டார்கள். "போன மாசம்தான் புதுசா வந்து உக்காந்தேன். என்கிட்ட என்ன குறை?" என்றது பேட்டரி. "எறும்பு ஊர்ந்தாக்கூட எனக்குத் தெரியுதே!" என்றது கேமரா. ஸ்பீக்கருக்கு அழுகையே வந்துவிட்டது.

"உங்க யார் மேலயும் குறை இல்ல. அதான் கொடுமை," என்றது ஆப். திரையில் இரண்டு வரி ஒட்டிவிட்டுப் போயே போய்விட்டது.

அந்த நேரம் பார்த்துத் தவமணி மாத்திரை அட்டையை நீட்டினாள். பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் தடவிப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். அருளப்பன் இன்னும் சாப்பிடவில்லை. போனைக் கேட்காமல் வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரையைப் போட்டு, போன மழைக்காலத்தில் மயங்கி விழுந்த மனிதர் அவர்.

"என்ன தவமணி, பிரஷர் மாத்திரைதானே?"

"இருங்க, அது சொல்லட்டும்."

கேமரா கிசுகிசுத்தது: "நேத்துப் படிச்சது இன்னும் உன் ஞாபகத்துல எழுதிக் கிடக்குது. அதையே படிச்சிடு. இல்லேன்னா நம்ம கதை முடிஞ்சுது. வேற போன் வாங்கிடுவாங்க."

போனுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நேற்றைய பெயரையே இன்றும் சொன்னால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? இருவருக்கும்தான் கண் தெரியாதே. அந்த நினைப்பு வந்ததுமே அதற்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

தன் திரையில் இருப்பதைப் படிக்க அதற்கு எந்த ஆப்பும் வேண்டாம். அங்கே இருந்த இரண்டு வரியை உரக்கப் படித்தது. "இந்தப் போன் பழையது. இந்த ஆப் இனி இதில் இயங்காது."

தவமணி அட்டையைக் கீழே வைத்தாள். "போடாதீங்க. எதிர்வீட்டு ஜைனப் வரட்டும், கேட்டுக்கலாம்."

அருளப்பன் பெருமூச்சு விட்டார். "பாவம், உழைச்சு ஓஞ்சுபோச்சு. வேற ஒண்ணு வாங்கிக்கலாம், விடு."

"ஓயலைங்க. குரல் கணீர்னு இருக்கே!" அவள் போனை மடியில் வைத்து முந்தானையால் துடைத்தாள். "உனக்கு என்னதான் செய்யுது? சொல்லேன்," என்று திரையின் மேலிருந்து விரலை மெல்ல இறக்கிக்கொண்டே வந்தாள். விரல் பட்டதையெல்லாம் போன் படித்தது. மணி ஏழு ஐம்பது. சிக்னல் முழுமை. பேட்டரி தொண்ணூற்றாறு சதவீதம்.

விரல் அடிவரை வந்து நின்றது. "நான் நல்லாத்தான் இருக்கேன், தாயி" என்று சொல்லிவிட அதற்கு உயிர் துடித்தது. ஆனால் எழுதியிருப்பதை மட்டும்தான் அதனால் படிக்க முடியும். அப்படி அதில் எங்குமே எழுதியிருக்கவில்லை.