கிளிகளாகிப் போன பள்ளிக்கூடம்

வெகு வெகு காலத்துக்கு முன்னால், மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே மருதமங்கலம் என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. அந்த ராஜ்ஜியத்துப் பிள்ளைகள் வாசிக்கிற வேகத்தைக் கண்டு அண்டை தேசமெல்லாம் மூக்கில் விரலை வைத்தது. ஓலையைக் கையில் கொடுத்தால் போதும். வாசிப்பார்கள், வாசிப்பார்கள், மூச்சு முட்ட வாசிப்பார்கள். என்ன வாசித்தோம் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்ததா என்று ஒருவரும் கேட்டதும் இல்லை. எல்லோரையும்விட வேகமாக வாசிக்கிறவள் ராஜா கேசரிவர்மனின் மகள் மாதங்கி. அதில் ராஜாவுக்குத் தலைகால் புரியாத பெருமை.

அவர்கள் படித்த பள்ளிக்கூடத்து ஆசிரியர்களில் எல்லோருக்கும் இளையவள் செண்பகவடிவு. பிள்ளைகளுக்கு அவள் வடிவக்கா. இந்த ஓட்டம் அவளுக்குப் பிடிக்காது. ஆனால் அவள் ஒரு கதையை நிறுத்தி நிதானமாகச் சொல்லப் போனால், பக்கத்து வகுப்பு மூன்று சுவடியை முடித்துவிட்டதே என்று பெற்றவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். அவளும் வாயை மூடிக்கொண்டு மற்றவர்களைப் போலவே ஓட்டினாள்.

ஒருநாள் கூகையன் என்ற மந்திரவாதி அந்தப் பக்கம் வந்தான். ராஜா சும்மா இருக்கக் கூடாதா? அவனைக் கையோடு பள்ளிக்கூடத்துக்கு அழைத்து வந்து பிள்ளைகளை வாசிக்கச் சொன்னார். வாசித்தார்கள், வாசித்தார்கள், மூச்சு முட்ட வாசித்தார்கள். கதையில் என்ன நடந்தது என்று கூகையன் மாதங்கியைக் கேட்டான். அவள் கதையின் முதல் வரியை ஒப்பித்தாள். மறுபடி கேட்டான். இரண்டாம் வரியை ஒப்பித்தாள். மூன்றாம் முறையும் கேட்டான். மூன்றாம் வரி வந்தது.

"ராஜாவே, இவை பிள்ளைகள் இல்லை. சொன்னதைச் சொல்லும் கிளிகள்" என்றான் கூகையன். "என் தோட்டத்தில் கிளிகளுக்கு நிறைய இடம் இருக்கிறது."

கைத்தடியைத் தரையில் மூன்று முறை தட்டினான். பிள்ளைகள் உட்கார்ந்திருந்த இடமெல்லாம் பச்சைச் சிறகுகள் படபடத்தன. ராஜா வாளை உருவினார். அது அவர் கையிலேயே வாழைத்தண்டாகிவிட்டது. கூட வந்திருந்த மகாராணி மயங்கி விழுந்தாள்.

கூகையன் ஒரு கெடு வைத்தான். முற்றத்து இலவமரத்தில் காய் வெடிக்கும்வரை பொறுப்பான். அதற்குள் எந்தக் கிளி ஓலையில் இல்லாத ஒரு சொல்லைத் தன் சொந்த யோசனையில் சொல்கிறதோ, அது பிள்ளையாகும். ஒரு கிளி மிச்சமிருந்தாலும் அது அவனுக்கு. ஒன்றுகூட மிஞ்சாவிட்டால் மந்திரமே முறிந்துபோகும். சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மூத்த ஆசிரியர்கள் மூன்று பேர் முன்வந்தார்கள். முதலாமவர் இன்னும் உரக்க ஓதச் சொன்னார். கிளிகள் உரக்க ஓதின. இரண்டாமவர் வரிக்கு ஒரு கொய்யாத்துண்டு கொடுத்தார். கிளிகள் கொழுத்தன. மூன்றாமவர் பிரம்பை எடுத்தார். எல்லாம் உத்தரத்துக்குப் பறந்து அங்கிருந்து இறங்க மறுத்தன.

அதன் பிறகுதான் செண்பகவடிவு ராஜாவிடம் போய், தன்னிடம் விட்டுப் பார்க்கும்படி கேட்டாள்.

ஒரு கன்றுக்குட்டியின் கதையை எடுத்தாள். தண்ணீர் குடிக்க, முதலை இருக்கும் குளத்தில் இறங்கிய கன்று. வாசித்துவிட்டு, "கன்று எங்கே போனது?" என்று கேட்டாள். "கன்று எங்கே போனது?" என்றன கிளிகள் அத்தனையும். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, நாலு காலில் கன்றாக நடந்தாள். கைகளை அகல விரித்து முதலையாக வாய் பிளந்தாள். உத்தரத்திலிருந்த கிளிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. சொன்னதையேதான் சொல்லின. ஆனால் முதலை வரும் இடத்தில் மட்டும் எல்லாம் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டதை அவள் கவனித்தாள்.

அடுத்த நாள் அந்த இடம்வரை வாசித்தாள். கன்றின் கால் முதலையின் வாயில் சிக்கியது. சுவடியைக் கட்டி வைத்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துத் தரையைப் பெருக்கத் தொடங்கினாள்.

கிளிகள் கேட்டவரை ஒப்பித்தன. பிறகு ஒப்பிக்க ஒன்றுமில்லை. அந்தப் பள்ளிக்கூடம் என்றைக்கும் காணாத அமைதி. எல்லாவற்றிலும் சின்னக் கிளி ஒன்று தத்தித் தத்தி வந்து துடைப்பத்தின் மேல் ஏறி நின்றது.

"அப்புறம்?" என்றது.

பச்சை இறகுகள் பொலபொலவென்று உதிர்ந்தன. மீனவர் வீட்டு முத்துப்பேச்சி தரையில் உட்கார்ந்திருந்தாள். வடிவு அவளை வாரி அணைத்து அழுதாள். முத்துப்பேச்சி திமிறிக்கொண்டு, "அழுகை இருக்கட்டும் அக்கா, கன்று என்ன ஆச்சு?" என்றாள்.

வடிவுக்கு வழி புலப்பட்டது. மறுநாள் வேண்டுமென்றே தப்பாக வாசித்தாள். கன்று சிறகை விரித்துப் பறந்ததாம். "கன்றுக்கு ஏது சிறகு?" என்றது ஒரு கிளி. குயவர் வீட்டு ஏகாம்பரம் எழுந்து நின்றான். முதலைக்கும் பசிக்குமே என்று ஒரு கிளி பரிதாபப்பட்டது. கன்று முட்டாள் என்று இன்னொரு கிளி கோபித்துக்கொண்டது. திரும்பி வந்த பிள்ளைகள் வீட்டுக்குப் போகாமல் கிளிகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்து கதையைப் பற்றிச் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையில் மூக்கை நுழைத்த கிளிகளும் பிள்ளைகளாயின.

மாதங்கி மட்டும் மாறவில்லை. வேகத்தில் முதல்வியல்லவா, எதைக் கேட்டாலும் யோசிக்குமுன் அலகு ஒப்பித்துவிடும். மகாராணி அந்தக் கிளியின் பக்கத்தைவிட்டு நகரவே இல்லை. தலை வாரவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை.

இலவங்காய் வெடித்தது. முற்றமெல்லாம் பஞ்சு பறந்தது. கூகையன் கூண்டோடு வந்து நின்றான். கதையில் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, அதை வாசித்துவிடுகிறேன் என்று வடிவு கேட்டாள். கிளி எங்கே ஓடிவிடப் போகிறது என்று அவனும் ஒப்புக்கொண்டான்.

அவள் ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். "பொழுது சாய்ந்தது. மற்ற மாடுகள் கொட்டிலுக்குத் திரும்பின. தாய்ப்பசு மட்டும் கரையிலேயே நின்றது." ஓலையைக் கீழே வைத்தாள்.

"மாதங்கி, தாய்ப்பசு ஏன் வீட்டுக்குப் போகவில்லை?"

"தாய்ப்பசு ஏன்..." என்று தொடங்கிய கிளி பாதியில் நின்றது. அதன் பார்வை மகாராணியின் மேல் விழுந்திருந்தது. கலைந்த தலையைப் பார்த்தது. நின்று நின்று வீங்கிப்போன பாதங்களைப் பார்த்தது. கூகையன் கூண்டைத் திறந்து கையை நீட்டினான்.

"கன்று இல்லாத வீட்டுக்குப் போக அதற்கு மனசு வரவில்லை" என்றது கிளி, ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி. பிறகு, "அம்மா, உங்களுக்குக் கால் வலிக்கவில்லையா?" என்றது.

இறகுகள் உதிர்ந்தன. மாதங்கி தாயின் காலடியில் உட்கார்ந்து, அந்தப் பாதங்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

கூகையனின் தடி விறகு பிளப்பதுபோல் இரண்டாகப் பிளந்தது. அவன் தோட்டத்துக் கிளிகளும் எங்கெங்கோ இருந்து வந்த பிள்ளைகள்தாம். அந்த நேரமே அவர்களும் இறகுதிர்த்து எழுந்து தத்தம் ஊருக்கு நடந்தார்கள். கூகையன் வெறுங்கூண்டைத் தூக்கிக்கொண்டு மலைக்கு அப்பால் போனான். பிறகு அவனைப் பார்த்தவர் யாருமில்லை.

ராஜா செண்பகவடிவைப் பள்ளிக்கூடத்துக்கே தலைமையாக்கி, வேறென்ன வேண்டும் என்று கேட்டார். ஒரு கதைக்கு எத்தனை நாள் பிடிக்கிறதோ அத்தனை நாள் வேண்டும், யாரும் வாசலில் வந்து விரட்டக் கூடாது என்றாள். அப்படியே ஆகட்டும் என்றார்.

கொஞ்ச நாள் கழித்து ராஜா பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்தார். மாதங்கி ஒரே ஓலையைக் காலையிலிருந்து வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் ராஜாவை நடுவில் உட்காரவைத்துக் கதையைச் சொல்லி, பசித்த முதலை செய்தது குற்றமா என்று நியாயம் கேட்டார்கள். ராஜா மீசையைத் தடவினார், முகட்டைப் பார்த்தார், நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து போனார். மறுநாள் பல்லக்குக்குக்கூடக் காத்திராமல் நடந்தே வந்தார். முத்துப்பேச்சி நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

மருதமங்கலத்தில் மழை பொய்க்கவில்லை, பிள்ளைகளின் பேச்சும் ஓயவில்லை. கேட்டவர்கள் ஊரிலும் அப்படியே ஆகட்டும்.