மந்தி வருகிற வரி

மலைக்காட்டில், நெடிய மரம் ஒன்றின் பொந்துக்குள் பெண் இருவாச்சி அடைகாத்துக்கொண்டிருந்தது. இருவாச்சிப் பறவைகளின் வழக்கம் அப்படி. பெண் உள்ளே போய், மண்ணைக் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். ஆண் அதன் வழியாகப் பழம் ஊட்டும்.

ஒரு நாள் உள்ளேயிருந்து 'டொக் டொக்' என்று சத்தம் கேட்டது.

"என்னம்மா பண்றே?" என்று பதறியது ஆண் இருவாச்சி.

"சுவரை உடைக்கிறேன். இந்த இருட்டுல எத்தனை நாள்தான் தனியாக் கிடக்கிறது? எனக்குக் காட்டைப் பார்க்கணும்!"

பொந்துக்குள் மனைவிக்கு இறகெல்லாம் உதிர்ந்திருந்தது. வெளியே வந்தால் பறக்க முடியாது. முட்டைக்காக மரநாய் வேறு கீழே சுற்றிக்கொண்டிருந்தது.

"நாளை வரைக்கும் பொறுத்துக்கோ! உனக்கு ஒரு பாட்டுக் கொண்டு வர்றேன்!"

அன்று முழுக்க யோசித்து, தாங்கள் முதன்முதலில் சந்தித்த கதையை அது பாட்டாகக் கட்டியது.

சாரல் விழுந்த காலையிலே
சாய்ந்த அத்திக் கிளையினிலே
வீரன் போலப் பழமொன்றை
வீசிப் பிடிக்கப் போகையிலே
வாயைத் தப்பிப் போனதடி,
மந்தித் தலையில் வீழ்ந்ததடி!

பாட்டு சரி, குரல்? பாவம், துருப்பிடித்த கதவுதான். அதனால் மலைமைனாவிடம் போய், மெட்டுப் போட்டுப் பாடித் தரச் சொன்னது.

மைனா முகம் சுளித்தது. "காதல் பாட்டுல மந்தியா? கேட்கிறவங்க சிரிப்பாங்க ஐயா! அதை எடுத்துட்டு நிலாவை வைக்கிறேன்."

பெரிய வித்துவான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இருவாச்சி தலையாட்டிவிட்டது.

மறுநாள் மைனா பாடியது. காடே கிறங்கிப் போனது.

"ரொம்ப நல்லா இருக்குங்க. யாரோட கதை?" என்றது மனைவி.

"நம்ம கதைதான்!"

"நம்ம கதையில ஏதுங்க நிலா? நாம பார்த்துக்கிட்டது காலையிலதானே!" என்று அலுத்துக்கொண்டு மறுபடியும் கொத்தியது. சுவரில் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. மரநாய் நிமிர்ந்து பார்த்தது.

அவ்வளவுதான்! வெட்கத்தை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, ஆண் இருவாச்சி தன் கரகரத்த குரலில் தானே பாடத் தொடங்கியது. மந்தி வருகிற வரி வந்தது. கொத்தும் சத்தம் நின்றது. பிறகு பொந்துக்குள்ளிருந்து ஒரே சிரிப்பு!

"மந்தி விரட்டினப்போ ஈரக் கிளையில வழுக்கி விழப் பார்த்தீங்களே! அதை ஏன் விட்டீங்க?"

"அதையும் சொல்லணுமா?"

"அதைப் பார்த்துத்தானே உங்களைக் கட்டிக்கிட்டேன்!"

மைனா தலையைச் சொறிந்துகொண்டது. "தப்புப் பண்ணிட்டேன் ஐயா. நிலாவை எடுத்துட்டு மந்தியையே வைக்கிறேன். மந்தி வர்ற இடத்துல நான் நிறுத்திக்கிறேன், அங்கே நீங்கதான் பாடணும்!"

ஆண் இருவாச்சி பறந்து போய் ஈர மண் கொண்டுவந்தது. மனைவி அதைக் கீறல் வழியாக வாங்கி, பெயர்ந்த இடத்தைப் பூசி அடைத்தது. "நாளைக்கு வழுக்கினதையும் சேர்த்துப் பாடுங்க. குஞ்சு பொரிக்கிற வரைக்கும் இங்கேயே இருந்து கேட்கிறேன்" என்றது.

மரநாய் வேறு மரம் தேடிப் போனது.

அன்பானவர்களுக்குக் கட்டும் பாட்டில், அலங்காரத்தைவிட உண்மையே இனிக்கும்.