செங்கமலம் அமுக்கிய பொத்தான்

மாங்குளநாட்டில் கணினி வந்த பிறகும் ராஜா போகவில்லை. கெம்பீரராயன் என்று பெயர். மீசைக்கு எண்ணெய் போடவே தனி ஆள் வைத்திருந்தார்.

மனுக் கொடுக்க, பட்டா வாங்க, உதவித்தொகை கேட்க, எல்லாவற்றுக்கும் ஒரே மென்பொருள் வேண்டுமென்று அவருக்கு ஆசை. அதுவும் பொதுச்சொத்தாக. மூலநிரலை யாரும் பார்க்கலாம், எடுக்கலாம், திருத்தலாம். தலைமை நிரலாளர் சர்வோத்தமர் எழுதி முடித்தார். ராஜாவின் பிறந்தநாளன்று வெளியீடு. பக்கத்து நாட்டு ராஜாவுக்கும் அழைப்புப் போயிற்று.

"வெளியிடும் முன்னால் ஜனங்கள் கொஞ்சம் தட்டிப் பார்க்கட்டுமே" என்றான் அரண்மனை விகடகவி அம்மையப்பன்.

சர்வோத்தமருக்குச் சுருக்கென்றது. "கோயில் எல்லாருக்கும் பொதுதான். அதற்காகக் கும்பாபிஷேகத்துக்கு முன்னாலேயே கும்பலை உள்ளே விடுவார்களா?"

"கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க விடலாமே, சுவாமி."

"ஒழுகுவதா! என் நிரலா! மகாராஜா, இவன் அபசகுனம் பேசுகிறான்!"

பிறந்தநாள் கெட்டுவிடுமோ என்று ராஜாவுக்குப் பயம். "வெளியீட்டுக்கு முன் இதில் குறை சொல்பவனுக்குக் கசையடி!" என்று உத்தரவு போட்டார்.

"புகழலாமா, மகாராஜா?"

"தாராளமாக!"

அம்மையப்பன் நேரே சந்தைக்குப் போனான். நிரல்தான் பொதுச்சொத்தாயிற்றே! ஒரு கணினியில் ஏற்றி, நடுச்சந்தையில் வைத்தான். தண்டோரா போட்டான். "தட்டிப் பாருங்கள்! நாளைக்குச் சபைக்கு வந்து புகழுங்கள்!"

மறுநாள் சபை கொள்ளவில்லை.

வண்டிக்காரர் குப்பாண்டி முதலில் கும்பிட்டார். "அருமை ராசா! ஒரு மாட்டைப் பதிஞ்சேன். தெரியாம இன்னொரு தரம் அமுக்கிட்டேன். ரெண்டு மாடாச்சு. அமுக்க அமுக்க மாடு! இப்ப நாட்டுலயே பெரிய பண்ணை நம்மளுதுதான்!"

ராஜா நெளிந்தார்.

நெசவாளர் பொன்னுரங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கைதவறி வயசு இருநூறுன்னு போட்டேன் சாமி. முகஞ்சுளிக்காம முதியோர் உதவி குடுத்துச்சு. கூடவே ஈமச்சடங்குச் செலவும் குடுத்துச்சு. என்ன கருணை!"

சர்வோத்தமர் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

அடுத்து மீன் விற்கும் செங்கமலம். "பேர் கேட்டுச்சு ராசா. எழுதாம சும்மா அமுக்கினேன். 'வருக மகாராஜா'ன்னுச்சு. என் புருஷன்கூட இப்படி மதிச்சதில்ல!"

ராஜா எழுந்துவிட்டார். "பிறகு?"

"'பழைய ராஜாவை நீக்கிடலாமா'ன்னு கேட்டுச்சு."

"நீ என்ன செய்தாய்?"

"அவ்வளவு மரியாதையாக் கேக்குது. இல்லைன்னு சொல்ல மனசு வரல. ஆமாம்னு அமுக்கிட்டேன்."

ராஜா விகடகவியின் பக்கம் திரும்பினார்.

"அம்மையப்பா! இத்தனை ஓட்டையா! பக்கத்து நாட்டான் முன்னால் என் மானமே போயிருக்குமே! இவர்களையெல்லாம்..."

"இவர்கள் குறை ஒன்றும் சொல்லவில்லையே, மகாராஜா. புகழத்தானே செய்தார்கள்?"

ராஜா பொத்தென்று உட்கார்ந்தார். மீசையைத் தடவினார். "கசையடி ரத்து. வெளியீடு தள்ளிப் போகட்டும். ஊரே தட்டிப் பார்க்கட்டும். பிழை கண்டவர் சொல்லட்டும். திருத்தத் தெரிந்தவர் திருத்தட்டும்."

சர்வோத்தமர் தூணைவிட்டு வெளியே வந்தார். செங்கமலத்திடம் போய்த் தணிந்த குரலில் கேட்டார்: "அம்மா, எந்த இடத்தில் அமுக்கினீங்க? காட்டுங்க."

ராஜா தன் பட்டுச் சால்வையைக் கழற்றினார். "அம்மையப்பா, இது உனக்கு!"

கை நீட்டப் போன அம்மையப்பன் சட்டென்று பின்வாங்கினான். "மன்னிக்க வேண்டும். பரிசு கொடுக்கும் அதிகாரம் இப்போது தங்களிடம் இல்லை. செங்கமலம் மகாராணி உத்தரவு கொடுக்கட்டும்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். சபையும் சிரித்தது.

செங்கமலம் மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு ராஜாவைப் பார்த்தாள்.

"குடுத்துடுப்பா" என்றாள்.